கட்டியைத்தான் எடுத்தாச்சே, மறுபடி எதற்கு ஆபரேஷன்?

சினைப்பையில் சாதாரண நீர்க்கட்டி என்று நினைத்து ஆபரேஷன் செய்திருப்பார்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்து பயாப்ஸி ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று வரும். அப்புறம் என்னிடம் அனுப்பப்படும் பெண்களின் வீட்டார் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி.

பதில் சொல்லும் முன் ஆபரேஷன் குறிப்பைத் தேடுவேன். கட்டி உடையாமல் முழுசாக வந்ததா? வயிற்றைத் திறந்ததும் உள்ளே கழுவி எடுத்த நீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா? குடலுக்கு முன்னால் தொங்கும் ஒமெண்டம் என்ற கொழுப்புத் திரையை எடுத்தார்களா? பல டிஸ்சார்ஜ் சம்மரிகளில் 'கட்டி அகற்றப்பட்டது' என்ற ஒற்றை வரிதான் இருக்கும்.

இந்த நோயின் செல்கள் வயிற்றுக்குள் இருக்கும் திரவத்தோடு நகர்ந்து, ஒமெண்டத்திலும் வயிற்றின் உள்சவ்விலும் ஒட்டிக்கொள்ளும். சிறு படிவுகள் ஸ்கேனில் தெரியாது. 1983இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், ஆரம்ப நிலை என்று கருதப்பட்ட 100 பெண்களுக்கு மறுபடி அறுவை செய்து பார்த்தார்கள். 31 பேருக்கு நோய் நினைத்ததைவிட முற்றியிருந்தது. நோய் சினைப்பையோடு நின்றிருந்தால், சரியான சிகிச்சைக்குப் பின் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். அந்த நம்பிக்கையை உங்களுக்குச் சொல்ல, உண்மையிலேயே முதல் நிலைதானா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

கட்டி ஆபரேஷனின்போது உடைந்தால், முதல் நிலையிலேயே ஒன்று ஏ (நோய் ஒரே சினைப்பைக்குள் அடங்கியது) என்ற உட்பிரிவில் இருந்தது ஒன்று சி (செல்கள் வெளியே சிந்தியிருக்கக்கூடியது) ஆகிவிடுகிறது. அதனால் சந்தேகமான கட்டியில் ஊசி போட்டு நீர் எடுக்கவே கூடாது. லேப்ராஸ்கோப்பி என்றால் கட்டியைப் பைக்குள் போட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும்.

கீமோ வேண்டுமா என்பதும் நோயின் நிலையைப் பொறுத்ததுதான். 2003இல் வெளிவந்த இரண்டு ஐரோப்பிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கீமோ எடுத்தவர்களில் 82 சதவீதமும் எடுக்காதவர்களில் 74 சதவீதமும் ஐந்து ஆண்டுகள் உயிரோடு இருந்தார்கள். அதில் ஒரு ஆய்வில், முழுமையாகப் பரிசோதித்து அறுவை செய்யப்படாதவர்களுக்குத்தான் கீமோவின் பலன் தெளிவாகத் தெரிந்தது. ஒன்று ஏ, தீவிரம் குறைந்த வகை, முழுமையான அறுவை என்றால் பெரும்பாலும் கீமோ தேவைப்படாது. சீரஸ் என்ற செல் வகையில் தீவிரமானதாக இருந்தால் முதல் நிலையிலும் கொடுத்தே ஆகவேண்டும்.

கல்யாணமாகாத பெண் என்றால் பெற்றோர் தவித்துப்போகிறார்கள். நோய் ஒரே சினைப்பையில், தீவிரம் குறைந்த வகையாக இருந்தால், கர்ப்பப்பையையும் மறு சினைப்பையையும் பெரும்பாலும் காப்பாற்றலாம். அவசரப்பட்டு எல்லாவற்றையும் எடுக்கச் சம்மதிக்காதீர்கள்.

சிஏ 125 என்ற ரத்தப் பரிசோதனை நார்மல் என்று நிம்மதி அடையவும் வேண்டாம். முதல் நிலையில் பாதிப் பேருக்கு அது உயர்வதே இல்லை. வயிற்றுக் காசநோயிலோ, கர்ப்பப்பையின் உள்சவ்வு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸிலோ உயரவும் செய்யும். ஸ்கேனில் கட்டிக்குள் கெட்டியான பகுதி தெரிந்தால், முதல் ஆபரேஷனுக்கு முன்பே மகளிர் புற்றுநோய் அறுவை நிபுணரைப் பாருங்கள். ஏற்கெனவே செய்தாகிவிட்டதா? சரி, ரிப்போர்ட்டோடு லேபிலிருந்து கட்டியின் திசு இருக்கும் ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்குகளையும் கேட்டு வாங்கி வாருங்கள். எந்த வகை என்று இன்னொரு நோய்க்குறியியல் மருத்துவர் பார்த்து உறுதி செய்த பிறகுதான் மறு அறுவையா, கீமோவா, இரண்டுமா என்று முடிவெடுப்போம்.