கோளரங்கம், வான்காணகம்: இரண்டு பெயர்களின் கதை

சென்னை கோட்டூர்புரத்தில் உள்ள பிர்லா கோளரங்கத்துக்குப் போய்விட்டு வரும் பிள்ளையிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டால், "சனியைப் பார்த்தேன், வளையத்தோட" என்று பதில் வரும். பட்டப்பகலில் சாய்வு நாற்காலியில் மல்லாந்தபடி, குவிந்த கூரையில் ஒளியாய் விழப் பார்த்த சனி அது. பெரிய தொலைநோக்கிகளால் வானத்தை ஆராயும் காவலூர் மலைக்குப் போய் வந்தவரோ, "எவ்வளவு பெரிய டெலஸ்கோப்! ஆனா அதுல கண்ணை வைக்க விடல" என்பார். கோளரங்கம் எது, வானத்தை ஆராயும் இடம் எது என்பதைப் பெயர்கள் தெளிவாகச் சொல்லியிருந்தால் இந்த இரண்டாவது ஆளின் குறை கொஞ்சம் குறைந்திருக்கும்.

முதலில் கோளரங்கம். குவிந்த கூரையைப் பார்த்துப் பழகியதால் இதைக் கோளம் + அரங்கம் என்று பிரிப்பவர்கள் நிறைய. அப்படியானால் அது "கோளவரங்கம்" என்று ஆகியிருக்கும். இது கோள் + அரங்கம். கூரையின் வடிவத்துக்கும் பெயருக்கும் தொடர்பில்லை.

கோள் என்பது "கொள்" என்ற வினையிலிருந்து முதல் எழுத்து நீண்டு வந்த பெயர். கொள்வது, பற்றிக்கொள்வது என்று பொருள். வடமொழியில் "கிரகம்" என்பதற்கும் பற்றுவது என்பதே வேர்ப்பொருள். மனிதரைப் பிடித்து ஆட்டுபவை என்ற பழைய நம்பிக்கை இரண்டிலும் இருக்கிறது. சம்பந்தரின் கோளறு பதிகத்தில் ஞாயிறும் திங்களும் பாம்புகள் இரண்டும்கூடக் கோள்களின் வரிசையில் நிற்பது அதனால்தான். இன்றைய வானியலில் ஞாயிறு விண்மீன், திங்கள் துணைக்கோள், பாம்புகளுக்கு இடமே இல்லை. (கோள் சொல்லுகிற கோளை இங்கே இழுக்க வேண்டாம்.)

கிரேக்கர்கள் வேறு வழியில் போனார்கள். அவர்கள் மொழியில் "பிளானெட்டஸ்" என்றால் அலைந்து திரிபவன். மற்ற விண்மீன்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறாமல் இருக்க, ஒருசில மட்டும் அவற்றுக்கிடையே நகர்ந்துகொண்டே இருந்ததைக் கண்டு வைத்த பெயர் அது. நம்மவர்களுக்கும் இந்த வேறுபாடு தெரிந்தே இருந்தது. பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்து மன்றத்தில் பலர் கூடிநிற்பதற்கு, நாள்மீன்களோடு கலந்த கோள்மீன்கள் உவமையாக வருகின்றன. நாள்மீன் என்றால் அசுவினி, பரணி என்று நாம் எண்ணும் நட்சத்திரங்கள். கோள்மீன் அவற்றுக்கு இடையே புகுந்து போவது. பிளானெட்டுக்குத் தமிழில் சொல் தேடி யாரும் திண்டாடவில்லை, சங்க காலத்திலேயே கையில் இருந்தது.

அந்தக் கிரேக்கச் சொல்லோடு, ஒன்று இருக்கும் இடத்தைக் குறிக்கும் லத்தீன் விகுதி சேர்ந்து "பிளானட்டேரியம்" ஆனது. மீன் தொட்டியை அக்வேரியம் என்கிறோமே, அதே விகுதி. ஆனால் முதலில் இது கட்டடத்தைக் குறிக்கவில்லை. சூரியனைச் சுற்றிக் கோள்களைப் பல்சக்கரங்களால் ஓடவிடும் கருவிக்குத்தான் அந்தப் பெயர். இங்கிலாந்தில் அத்தகைய கருவி ஒன்றைச் செய்வித்துக்கொண்ட பிரபுவின் பட்டப்பெயர் ஆரரி. கருவிக்கும் ஆரரி என்றே பெயர் நிலைத்தது. செய்த கைவினைஞர்களின் பெயர் அதில் இல்லை; காசு கொடுத்தவர் பெயர் நிற்பது புதிய கதையா என்ன?

நெதர்லாந்தில் பிரானெக்கர் ஊரில் இருக்கும் கருவிக்கு இன்னும் சுவையான பின்னணி உண்டு. 1774 மே மாதம் சந்திரனும் நான்கு கோள்களும் வானத்தில் நெருங்கி வரும், அவை மோதி உலகம் அழியும் என்று அங்கே பீதி கிளம்பியது. கம்பளிக்குச் சிக்கெடுக்கும் தொழில் செய்த ஐசே ஐசிங்கா, கோள்கள் உண்மையில் எப்படி ஓடுகின்றன என்று காட்ட, தன் வீட்டுக் கூடத்தின் விட்டத்திலேயே ஒரு கருவியை அமைத்தார். 1781இல் முடிந்த அந்த வேலை இன்றும் ஓடுகிறது. 2023இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டிலும் 1962 பிப்ரவரியில் அஷ்டகிரகச் சேர்க்கை என்று யாகங்களும் பூசைகளும் அமர்க்களப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் கொல்கத்தாவில் பிர்லா கோளரங்கம் திறந்தது. தற்செயல்தான், ஆனாலும் பொருத்தம்.

இன்று நாம் அறிந்த கோளரங்கம் ஜெர்மனியில் பிறந்தது. ஜேனா நகரத்து சைஸ் நிறுவனத்தின் பொறியாளர் வால்தர் பாவர்ஸ்ஃபெல்ட், கோள்களைக் கம்பியில் கோத்துச் சுற்றவிடுவதற்குப் பதில், நடுவில் ஒரு விளக்குக் கருவியை வைத்து வானத்தையே வெள்ளைக் குவிமாடத்தில் ஒளியாய் வீழ்த்தலாம் என்று கண்டார். 1923 அக்டோபரில் மியூனிக்கில் முதல் காட்சி நடந்தது. துளையிட்ட தகடுகள் வழியே வந்த ஒளி ஏறக்குறைய 4,500 விண்மீன்களைக் காட்டியது. கோள்களுக்குத் தனித்தனி ஒளிவீசிகள், பல்சக்கரங்களோடு. ஆண்டுக்கணக்கான நகர்வைச் சில நிமிடங்களில் ஓட்டிக் காட்ட முடிந்தது. கருவியின் பெயர் அப்போதுதான் கட்டடத்துக்கும் ஏறியது.

இந்த வரலாற்றைப் பார்த்தால் "அரங்கம்" என்று நாம் சேர்த்தது மூலச்சொல்லைவிடச் சரியாகவே அமைந்துவிட்டது. அங்கே நடப்பது ஒரு காட்சி: விளக்கை அணைப்பார்கள், கதை சொல்வார்கள், பிறகு விளக்கைப் போடுவார்கள். இலங்கையில் "கோள்மண்டலம்" என்ற வழக்கும் உண்டு. கொழும்பில் 1965இல் திறந்த கோளரங்கத்தைப் பற்றிய தமிழ்ச் செய்திகளில் பார்க்கலாம். மண்டலம் என்றதும் சூரிய மண்டலம் நினைவுக்கு வந்துவிடுவதால் எனக்கு அரங்கமே பிடிக்கிறது.

அடுத்தது அப்சர்வேட்டரி, அதாவது வானத்தைக் கவனித்து ஆராயும் இடம். இங்கேதான் சிக்கல். லத்தீனில் அதன் வேருக்குக் கவனித்துப் பார்த்தல், காவலிருந்து பார்த்தல் என்று பொருள். தமிழில் இதற்கு வானாய்வகம், வானியல் ஆய்வு மையம், விண் ஆய்வுக்கூடம் என்று பல பெயர்கள் புழங்குகின்றன. எல்லாவற்றிலும் "ஆய்வு" இருக்கிறது, "பார்ப்பது" இல்லை. ஆய்வகம் என்றால் பள்ளிக்கூடத்துச் சோதனைக் குழாய்தான் பலருக்கும் கண்முன் வரும்.

வடக்கே "வேதசாலை" என்கிறார்கள். நான்மறைக்கும் அதற்கும் தொடர்பில்லை. குறிபார்த்துத் துளைப்பது என்ற பொருளுள்ள வேறொரு வேர் அது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் இங்கே கொண்டுவந்தால் வேதபாடசாலை என்றே நினைப்பார்கள். ஜெய்ப்பூர், டில்லி ஜந்தர் மந்தர்களில் இரண்டாம் ஜெய்சிங் 18ஆம் நூற்றாண்டில் கட்டிய கற்கருவிகள் வெறுங்கண்ணால் குறிபார்க்கத்தான். அந்த இடங்களுக்கு வேதசாலை பொருத்தமான பெயர்.

சென்னையில் இந்தக் குழப்பத்துக்கு வரலாறே ஒரு காரணம். 1786இல் வில்லியம் பெட்ரி எழும்பூரில் தன் சொந்த முயற்சியில் வானத்தைக் கவனிக்கத் தொடங்கினார். அதைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுக்கொண்டு 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் தமிழ்க் கல்வெட்டோடு இன்றும் அந்த வளாகத்தில் நிற்கிறது. 1861இல் அங்கே வானியலாளராக இருந்த நார்மன் போக்சன் ஒரு சிறுகோளை அங்கிருந்து கண்டு அதற்கு ஏஷியா என்று பெயரிட்டார். அவரோடு வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1899இல் வானியல் வேலை கொடைக்கானலுக்குப் போனது, நுங்கம்பாக்கத்தில் மழையும் காற்றும் அளக்கும் வேலை தங்கியது. அதனால் இன்று அந்த முகவரியைச் சொன்னால் புயல் எச்சரிக்கைதான் நினைவுக்கு வருகிறது. வானியலும் வானிலையும் ஓர் எழுத்துத் தள்ளி நிற்பது வேறு. செய்திகளில் வானியல் மையம் மழை வரும் என்று சொன்னதாக எழுதிவிடுகிறார்கள்.

கொடைக்கானலில் அந்த வட்டாரத்துக்கே அப்சர்வேட்டரி என்றுதான் பெயர். அங்கே கவனிப்பது சூரியனை. 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வளிமம் (வாயு) வெளிநோக்கி ஓடுவதைக் கண்டது அங்குதான். இரவு வானம் பார்ப்பதற்கென்றே அமைந்த இடமல்ல அது.

எனக்குப் பிடித்த சொல் வான்காணகம். இணையத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவுகிறது. வான் + காண் + அகம். மூலச்சொல்லின் பொருளை அப்படியே பிடிக்கிறது. ஒரு தொல்லை, ணகரத்தை அழுத்திச் சொல்லாவிட்டால் கானகம் ஆகிவிடும். அது பரவாயில்லை, ஜவ்வாது மலையில் காவலூர் வான்காணகம் இருப்பது கானகத்தில்தானே.

அந்தக் காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் இருக்கிறது. அதன் ஒளி நிழற்படக் கருவிக்கும் நிறமாலை பிரிக்கும் கருவிக்கும் போகிறது, மனிதக் கண்ணுக்கு அல்ல. 1977இல் யுரேனசின் வளையங்களைப் பதிவு செய்த 1 மீட்டர் தொலைநோக்கியும் அங்கேதான். அன்று பதிவானது வளையத்தின் படமல்ல. யுரேனசுக்குப் பின்னால் போன ஒரு விண்மீனின் ஒளி, வளையங்கள் மறைத்ததால் விட்டுவிட்டு மங்கியது, அவ்வளவுதான். காண்பது என்பதன் பொருள் அங்கே அவ்வளவு மாறிவிட்டது. வருபவர்களுக்கு ஒரு சிறிய தொலைநோக்கியில்தான் வானம் காட்டுவார்கள், அதுவும் சனிக்கிழமைகளில், மேகம் இல்லாவிட்டால். கிளம்பும் முன் கேட்டுக்கொள்வது நல்லது.

நம் கண்ணால் நேரே பார்க்கும் இந்த மூன்றாவது வகைக்கு "வான்நோக்கு நிகழ்ச்சி" என்ற பெயர் நன்றாகவே நிலைத்துவிட்டது. பள்ளி மைதானம், மொட்டை மாடி, கடற்கரை, எங்கு வேண்டுமானாலும் நடக்கும். இதற்கு நாள் பார்ப்பதில் ஒரு விஷயம்: சந்திரனைக் காட்டுவதாக இருந்தால் பௌர்ணமி வேண்டாம், நிழலே விழாமல் தட்டையாகத் தெரியும். வளர்பிறை அட்டமியை ஒட்டி வைத்தால் பள்ளங்களின் விளிம்பு பளிச்சென்று எழுந்து நிற்கும். மங்கலான விண்மீன் கூட்டங்கள்தான் வேண்டும் என்றால் அமாவாசைப் பக்கம். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும். யாராவது நடுவில் செல்போனைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து.