கூண்டு செய்பவனுக்கும் ஒரு கூண்டு

விஎம் (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) கிளம்ப மறுக்கிறது. 'பெர்மிஷன் டினைட்' என்கிறது. டிஸ்க் கோப்பின் உரிமையாளர் சரி, அனுமதி எண்களும் சரி. அப்படியானால் தடுப்பது பெரும்பாலும் லினக்ஸ் கர்னலுக்குள் இருக்கும் அப்பார்மர் என்ற பாதுகாப்பு அடுக்கு. அதன் விதிக்குள் வந்த புரோகிராம் ரூட்டாக ஓடினாலும் தப்பாது. கட்டாய அணுகல் கட்டுப்பாடு என்பது இதுதான்.

ஹோஸ்ட்டின் (விஎம்களைத் தாங்கும் கணினியின்) கண்ணுக்கு ஒவ்வொரு விஎம்மும், அதை ஓட்டும் க்யூஎமு நிரலின் ஒரு புராசஸ். 2015இல் வெளிவந்த 'வெனம்' ஓட்டை, யாரும் தொடாத ஃப்ளாப்பி கன்ட்ரோலர் நிரலில் இருந்தது. அப்படி ஒன்றின் வழியே விஎம்முக்குள்ளிருந்து க்யூஎமுவைக் கைப்பற்றினாலும் பக்கத்து விஎம்மின் டிஸ்க்கைத் தொட முடியாதபடி, ஒவ்வொன்றுக்கும் தனி ப்ரொஃபைல் (அப்பார்மரின் விதித்தொகுப்பு) போடுகிறது, விஎம்களை நிர்வகிக்கும் லிப்விர்ட். அதை எழுதுவது விர்ட்-ஏஏ-ஹெல்பர் என்ற சின்னக் கருவி. விஎம் கிளம்பும் முன் அதன் எக்ஸ்எம்எல் விவரத்தைப் படித்து, அதன் யூயூஐடி (தனி அடையாள எண்) பெயரில் விதிக்கோப்பு எழுதும்: டிஸ்க்குக்குப் படிக்க, எழுத, பூட்ட அனுமதி; அடியிலுள்ள பேக்கிங் கோப்புக்கு (டிஸ்க் தன் மாற்றங்களை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதற்குச் சார்ந்திருக்கும் மூலக் கோப்பு) படிக்கவும் பூட்டவும் மட்டும்.

சிக்கல் பேக்கிங் கோப்பில்தான். அது எங்கே இருக்கிறது என்பது க்யூகவ்2 வடிவ டிஸ்க் கோப்பின் தலைப்பகுதியில் இருப்பதால், ஹெல்பர் அந்தக் கோப்பைத் திறந்தாக வேண்டும். விஎம்முக்குள் இருப்பவர் எழுதிய பைட்டுகளைப் படிக்கும் கருவியை நம்பிவிட முடியாது என்பதால் அதற்கும் ஒரு ப்ரொஃபைல் உண்டு. (ஃபார்மட்டை ஊகிக்க விட்டால், தலைப்பே இல்லாத ரா டிஸ்க்கின் தொடக்கத்தில் போலித் தலைப்பை எழுதி ஹோஸ்ட்டின் கடவுச்சொல் கோப்பைப் பேக்கிங்காகக் காட்டலாம், எக்ஸ்எம்எல்லில் ஃபார்மட்டை எப்போதும் குறிப்பிடுங்கள்.) வழக்கமான இமேஜஸ் அடைவையும், எங்கிருந்தாலும் .img, .qcow2 போன்ற நீட்சியுள்ள கோப்புகளையும் ஹெல்பர் படிக்கலாம். புதிதாக மவுன்ட் செய்த டிஸ்க்கில் நீட்சியே இல்லாமல் 'வெப்01' என்று வைத்தால் முடியாது. பேக்கிங் கோப்பு விதியில் ஏறாது. க்யூஎமு அதைத் திறக்கப்போய் விழும்.

கர்னல் பதிவில் 'டினைட்' வரிகளைத் தேடுங்கள். ப்ரொஃபைல் என்ற இடத்தில் விஎம்மின் யூயூஐடி மட்டுமல்ல, ஹெல்பரின் பெயரும் வந்தால் நோய் அங்கேதான். அப்பார்மர் அடைவிலுள்ள 'லோக்கல்' உள்ளடைவில், ஹெல்பரின் ப்ரொஃபைல் கோப்பின் பெயரிலேயே இருக்கும் கோப்பில் உங்கள் அடைவிலுள்ள கோப்புகளைப் படிக்கும் அனுமதி ஒரு வரி சேர்த்து, வரிமுடிவில் காற்புள்ளியை மறக்காமல் வைத்து, ஹெல்பரின் ப்ரொஃபைல் கோப்பின் மேல் அப்பார்மர்-பார்சரை '-ஆர்' (மறுபடி ஏற்று) கொடுத்து ஓட்டுங்கள். பிறகு விஎம்மைக் கிளப்பினால் போதும்.

'.ஃபைல்ஸ்' என்று முடியும் விதிக்கோப்பைக் கையால் திருத்துவது வீண்வேலை. அடுத்த முறை கிளம்பும்போது ஹெல்பர் அதைப் புதிதாக எழுதிவிடும். இன்னொன்று: வெளிப்படையான 'டினை' விதியால் தடுக்கப்பட்டவை பதிவில் வருவதே இல்லை. பேக்கிங் கோப்பில் எழுதுவதற்கும் ஹெல்பர் அப்படியொரு விதி போடுவதால், எழுத முயன்று தோற்றாலும் பதிவு மௌனமாகவே இருக்கும்.