சிமுலேஷனில் சிவப்பு வந்தால்: கட்டரை உள்ளபடி வரைவது பற்றி

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் கேம் (CAM) ப்ரோகிராம், அதாவது உலோகம் வெட்டும் மெஷின் எப்படி நகர வேண்டும் என்று கம்ப்யூட்டரில் தயாரிக்கும் ப்ரோகிராம், எழுதத் தொடங்கி 14 வருடம் ஆகிறது. புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் அவர்களுடைய டூல் லைப்ரரியைத்தான் (கட்டர்களின் உருவமும் அளவும் பதிந்த பட்டியல்) நான் முதலில் திறந்து பார்ப்பேன். அகலத் தலையும் ஒல்லிக் கழுத்தும் கொண்டு, தலைகீழ் T வடிவக் குழி வெட்டும் டீ-ஸ்லாட் கட்டர் அங்கே "ஃப்ளாட் எண்ட் மில், விட்டம் 25" என்று, வெறும் நேர் உருளையாக இருக்கும். சரிந்த பக்கங்கள் உள்ள குழி வெட்டும் டவ்டெயில் கட்டருக்கும் அதே கதிதான். கேட்டால், "லிஸ்ட்ல தேடினேன் சார், அந்த ஷேப் கிடைக்கல. அவசரத்துக்கு இதைப் போட்டேன்" என்பார்கள்.

நானும் அப்படிப் போட்டவன்தான். முன்பு வேலை பார்த்த ஒரு ஷாப்பில், ஈ.என்.8 எஃகுப் பிளேட்டில் டீ-ஸ்லாட் போடும் ஜாப். ஸ்லாட் ஒரு பக்கம் திறந்திருக்கும், மறுபக்கம் மூடியிருக்கும். மேல் வாய் அகலம் 14 மி.மீ. கட்டரின் தலை விட்டம் 25, தலை உயரம் 11, கழுத்து 12. அதாவது கழுத்துக்கு இரு பக்கமும் 1 மி.மீ. இடைவெளி. நான் சாஃப்ட்வேரில் கொடுத்த உருவத்திலோ கழுத்தே கிடையாது, அடியிலிருந்து மேல்வரை 25 மி.மீ. தடிமன். சிமுலேஷன் (வெட்டுவதைத் திரையில் ஓட்டிப் பார்ப்பது) போட்டதும் ஸ்லாட் முழுக்கச் சிவப்பு, அதாவது இடிக்கும் என்ற எச்சரிக்கை. "கழுத்து வரையாததால் இப்படிக் காட்டுகிறது, மெஷினில் சரியாகத்தான் போகும்" என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டு ப்ரோகிராமை இறக்கிவிட்டேன்.

ஸ்லாட் முழுவதற்கும் அந்தப் பதில் சரிதான், கடைசி நகர்வைத் தவிர. மூடிய முனைக்குப் போன கட்டர் வந்த வழியே திரும்பி வெளியே வந்திருக்க வேண்டும். நான் கொடுத்திருந்த ரிட்ராக்ட் (கட்டரை விலக்கும் நகர்வு), அங்கிருந்தே நேராக மேலே தூக்கியது. 14 மி.மீ. வாய் வழியாக 25 மி.மீ. தலை, அதுவும் ரேப்பிடில், மெஷினின் முழு வேகத்தில். கட்டர் கழுத்தில் முறிந்து தலை ஸ்லாட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. மறுநாள் கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலில் டெஸ்ட் பார் மாட்டிச் சுற்றினால் டயல் முள் ஆடியது, ஸ்பிண்டில் நேராகச் சுற்றவில்லை. கதவு மூடியிருந்ததால் ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்று நைட் ஷிஃப்டில் மெஷினில் நின்றவர் திருவண்ணாமலைப் பக்கத்து அண்ணன், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் என்னைத் திட்டவில்லை. "தம்பி, ஸ்க்ரீன்ல செவப்பு ஏதாவது வந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"வந்துச்சு அண்ணே. எல்லா இடத்துலயும் வந்துச்சு."

நிஜமான ஆபத்தைக் காட்டிய சிவப்பும் அதற்குள்தான் இருந்தது. நூறு பொய்ச் சிவப்புக்கு நடுவில் அதைத் தனியாகப் பார்க்க என்னால் முடியவில்லை. தப்பான உருவத்தைக் கொடுத்தால் சைஸ் மாறிப்போகும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய கேடு, எச்சரிக்கையை அலட்சியம் செய்யும் பழக்கம் நமக்கு வந்துவிடுவது. கொஞ்ச நாளில் "இது சும்மா கத்தும்" என்று இடிப்பதைக் காட்டும் கொலிஷன் செக்கையே அணைத்துவிடுகிறார்கள். அப்படி அணைத்து வைத்திருக்கும் கம்ப்யூட்டர்களை இன்றும் பார்க்கிறேன்.

டீ-ஸ்லாட், டவ்டெயில், லாலிபாப் (நுனியில் பந்து உள்ள கட்டர்) போன்றவை பல சாஃப்ட்வேரில் ஆயத்தமாகவே உண்டு. பெயர் மட்டும் வேறாக இருக்கும், பொறுமையாகத் தேடுங்கள். நிஜமாகவே இல்லாத உருவம் என்றால் நாமே வரைய வேண்டியதுதான். அது பெரிய வித்தை இல்லை. கட்டரை நெடுக்காகப் பிளந்தால் தெரியும் பாதி உருவத்தை வரைகிறோம், சாஃப்ட்வேர் அதை அச்சைச் சுற்றிச் சுழற்றி முழு உருவமாக்கிக்கொள்கிறது. மாஸ்டர்கேம் என்ற கேம் சாஃப்ட்வேரில் கட்டர் முனையை ஆரிஜினில் (அளவுகள் தொடங்கும் பூஜ்யப் புள்ளி) வைத்து, ஒரு பக்கத்துப் பாதியை மட்டும் வரைவோம். வெட்டும் விளிம்பு எது, வெட்டாத தண்டான ஷாங்க் எது என்று பிரித்துச் சொல்லவும் மறக்கக் கூடாது. ஷாங்க் உலோகத்தைத் தொட்டால் சாஃப்ட்வேர் கத்துவது அதை வைத்துத்தான்.

கஷ்டமெல்லாம் எந்த அளவை வரைவது என்பதில் இருக்கிறது. கேட்லாக் அளவு புதுக் கட்டருக்குரியது. நம் கையில் இருப்பது பெரும்பாலும் கூர்தீட்ட கிரைண்டிங் கடைக்கு இரண்டு முறை போய் வந்தது. 60 டிகிரி டவ்டெயில், பெட்டியில் 20 மி.மீ. என்று எழுதியிருக்கும். அளந்தால் 19.62. ப்ரோகிராம் 20 என்று நம்பினால் பக்கத்துக்கு 0.19 மி.மீ. வெட்டாமல் மிச்சம் நிற்கும், அந்தக் குழியில் நகர வேண்டிய ஸ்லைடு உள்ளே ஏறாது. ஆகவே கிரைண்டிங்கிலிருந்து திரும்பும் ஒவ்வொரு ஃபார்ம் கட்டரையும் (தனி வடிவம் கொண்ட கட்டர்) ப்ரொஃபைல் ப்ரொஜெக்டரில், அதாவது நிழலைப் பெரிதாக்கித் திரையில் காட்டும் கருவியில், வைத்துப் பார்த்துவிடுங்கள். 20 மடங்கு பெரிதாக்கினால் 0.05 மி.மீ. வித்தியாசம் திரையில் 1 மி.மீ. ஆகத் தெரியும். வி-பிளாக்கில் கட்டரைக் கிடத்தி, கையால் மெதுவாகச் சுற்றி, நிழல் எங்கே அதிகமாக வெளியே வருகிறதோ அந்தக் கோட்டை எடுங்கள். பல்லுக்கு ரேக் கோணம் (பல் முகத்தின் சாய்வு) இருந்தால் பல் முகத்தில் அளக்கும் வடிவமும், சுழலும்போது வெட்டும் வடிவமும் ஒன்றாக இருக்காது. நமக்கு வேண்டியது சுழலும் வடிவம். வரைந்த ஃபைலின் பெயரிலேயே கிரைண்டிங் தேதியைச் சேர்த்துவிட்டால், பழைய உருவத்தை யாரும் தெரியாமல் எடுக்க மாட்டார்கள்.

ஓரத்தை வளைவாக்கும் கார்னர் ரவுண்டிங் கட்டரில் வேறு ஒரு தப்பு நடக்கும். ஆரம் 3 மி.மீ., உடம்பு விட்டம் 12, முனை விட்டம் 6 என்று வைத்துக்கொள்வோம். ஓரத்தை ஒட்டிப் போக வேண்டியது 6 மி.மீ. முனை. 12 என்று கொடுத்தால் கட்டர் 3 மி.மீ. தள்ளியே ஓடும், ஓரத்தைத் தொடாது. ஆபரேட்டர் மெஷினில் ஆஃப்செட்டை (கட்டர் அளவுக்கான திருத்தம்) மாற்றி உள்ளே தள்ளுவார். அந்த ஆஃப்செட்டை மறந்து அடுத்த ஜாபை ஓட்டினால், சுவர் போய்விடும்.

லாலிபாப்பில் ஆரிஜினைப் பந்தின் மையத்தில் வைப்பவர்கள் உண்டு. மெஷினில் கட்டரை மாட்டும் செட்டர் அதன் நீளத்தை எடுப்பதோ அடிப்புள்ளியில். 10 மி.மீ. பந்து என்றால் மொத்த வெட்டும் 5 மி.மீ. மேலே ஏறி, மேல் உதட்டில் போய் இடிக்கும். ஆரிஜின் எங்கே என்று செட்டப் ஷீட்டில் ஒரு சின்னப் படம் போட்டுக் கொடுங்கள், வாய்வார்த்தை போதாது.

வரைபடத்தை டி.எக்ஸ்.எஃப் ஃபைலாக இறக்குமதி செய்தால் யூனிட்டைப் பாருங்கள். அங்குலமா மில்லிமீட்டரா என்று மாறினால் 25.4 மடங்கு வித்தியாசம் வரும். அது கண்ணுக்கே தெரிந்துவிடும் என்பதால் பயமில்லை. கோடுகளின் முனைகள் ஒட்டாமல் நூலளவு விலகி நிற்பதுதான் தெரியாது, பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

கட்டரைப் பிடித்திருக்கும் ஹோல்டரையும் விட்டுவிடாதீர்கள். கட்டரை இறுக்கும் ஈ.ஆர்.32 கொலெட் நட்டின் வெளி விட்டம் 50 மி.மீ. சின்னக் கட்டருக்கு மேலே அவ்வளவு பெரிய உருளை சுற்றிக்கொண்டிருக்கிறது. கட்டர் வெளியே நீட்டியிருக்கும் நீளத்தை ஸ்கேலால் அளந்து போடுங்கள். ஜாபைப் பிடிக்கும் கிளாம்ப், போல்ட் எல்லாவற்றையும் மாடலில் வையுங்கள். முதல் தடவை ஒரு மணி நேரம் ஆகும், அடுத்த தடவை லைப்ரரியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

போன மாதம், கிருஷ்ணகிரியிலிருந்து வந்து எங்களிடம் சேர்ந்திருக்கும் பையன் ஒரு டவ்டெயில் ஜாபை இப்படி முழுசாக வரைந்து சிமுலேஷன் ஓட்டினான். திரை முழுக்கச் சுத்தம். "அண்ணா, இங்க வாங்க, ஒரே ஒரு இடத்துல செவப்பு" என்று கூப்பிட்டான். கொலெட் நட்டுக்கும் ஒரு கிளாம்ப் போல்ட்டின் தலைக்கும் நடுவில் அது. இரண்டு பேரும் மெஷினுக்குப் போய்ப் பார்த்தோம். போல்ட் நிஜமாகவே நீளம். அவன் ரேக்கில் தேடிக் குட்டை போல்ட் ஒன்றை எடுத்து வந்து மாற்றினான்.