சிவப்பைப் பார்த்ததும் வறட்சி என்று எழுதாதீர்கள்

மாணவர் அறிவியல் போட்டிகளுக்குத் தொலையுணர்வை, அதாவது செயற்கைக்கோள் வழியாகத் தொலைவிலிருந்து நிலத்தை ஆராய்வதை, வைத்து இப்போது நிறையச் செயல்திட்டங்கள் வருகின்றன. செயற்கைக்கோள் படங்களே என் தொழில் என்பதால் நடுவராகக் கூப்பிடுகிறார்கள், விருப்பத்தோடுதான் போகிறேன். ஆனால் அண்மையில் ஒரு போட்டியில் அதே தவறை மறுபடியும் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. காவிரி டெல்டாவின் படம். வயல்வெளி முழுக்கச் சிவப்பு. பக்கத்தில் கொட்டை எழுத்தில், 'சிவப்பு: வறட்சியால் பாதிக்கப்பட்ட பகுதி'.

அது வறட்சி இல்லை, பிள்ளைகளே. அங்கே பயிர் செழித்து நிற்கிறது.

செயற்கைக்கோள் அனுப்புவது புகைப்படம் என்று நினைப்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. அது அனுப்புவது எண்கள். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் 13 பேண்டுகளில், அதாவது அலைநீளப் பட்டைகளில், ஒளியைத் தனித்தனியாக அளக்கிறது. எந்த பேண்டையும் தனியாகத் திறந்தால் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும். நிறம் நாம் கொடுப்பது. கணினித் திரைக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றே வாசல்கள். நம் துறையில் வழக்கமான கலவையில் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு பேண்டைச் சிவப்பு வாசலிலும், சிவப்பு பேண்டைப் பச்சையிலும், பச்சை பேண்டை நீலத்திலும் அனுப்புகிறோம். இலையின் பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், இலையின் உள்ளமைப்போ அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். ஆகவே அந்தப் படத்தில் அடர்ந்த பசுமை செக்கச்செவேல் என்றிருக்கும். தெளிந்த ஆழமான நீர் கறுப்பாகவும் ஊர்கள் நீலம் கலந்த சாம்பலாகவும் தெரியும்.

"அகச்சிவப்பு என்றால் வெப்பம்தானே சார்?" என்று கேட்கிறார்கள். இல்லை. அண்மை அகச்சிவப்பு என்பது இலையில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளிதான், அலைநீளம் 0.85 மைக்ரோமீட்டர் வாக்கில். நிலம் தானாக வெளிவிடும் வெப்பக் கதிரை அளப்பது வேறு பேண்ட், 10 மைக்ரோமீட்டருக்கு மேல். சென்டினல்-2இல் வெப்ப பேண்டே கிடையாது. அமெரிக்காவின் லேண்ட்சாட் 8, 9 செயற்கைக்கோள்களில் உண்டு. அதிலும் கிடைப்பது நிலப்பரப்பின் வெப்பநிலை, காற்றின் வெப்பநிலை அன்று. தார்ச்சாலையும் தகரக் கூரையும் சுட்டெரிக்கிற எண்ணை எடுத்து 'எங்கள் ஊர் வெயில்' என்று தலைப்பிட வேண்டாம். லேண்ட்சாட் நம் பக்கம் கடப்பது காலை பத்து, பத்தரை மணிவாக்கில், உச்சிவெயிலில்கூட இல்லை.

அடுத்து ஏரி. செம்பரம்பாக்கத்தின் இரண்டு படங்கள், ஒன்று 2016 ஜனவரி, மற்றொன்று 2019 ஜூன். முடிவு, 'ஆக்கிரமிப்பால் ஏரி அழிந்துவிட்டது'. முதல் படம் 2015 டிசம்பர் வெள்ளத்தை ஒட்டியது. இரண்டாவது சென்னையே குடிநீருக்குத் தவித்த கோடையில் எடுத்தது. இந்த இரண்டை வைத்து ஆக்கிரமிப்பை எப்படிச் சொல்வது? ஆண்டுகளை ஒப்பிட்டால் மாதம் ஒன்றாக இருக்கட்டும், அந்தந்த ஆண்டின் மழையளவும் பக்கத்திலேயே இருக்கட்டும். இரண்டு படங்களோடு நிறுத்தாமல் இடையில் உள்ள ஆண்டுகளையும் பாருங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலப் படமானால் மேகத்தின் நிழலும் நீரைப் போலவே கறுப்பாகத் தெரியும், கவனம்.

தண்ணீர் நிறைந்த ஏரியும் ஏமாற்றும். ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தால் செயற்கைக்கோளுக்கு இலைதான் தெரியும், நீர் தெரியாது. வறண்ட ஏரிக்குள் சீமைக் கருவேலம் மண்டியிருந்தால் கடுங்கோடையிலும் பசுமைக் குறியீடு, அதாவது செடிகொடியின் செழிப்பைக் காட்டும் எண், நன்றாகவே வரும். 'பசுமை கூடியிருக்கிறது' என்று மகிழ்ந்து எழுதிய அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். கரையில் ஒருமுறை நின்று பார்த்திருந்தால் அந்த வரியே வந்திருக்காது. தயவுசெய்து போய்ப் பாருங்கள், துணைக்குப் பெரியவர் ஒருவரோடு. கைப்பேசியில் இருப்பிடத்தோடு படம் எடுங்கள், அங்கே மாடு மேய்ப்பவரிடமும் பேசுங்கள். உங்கள் அறிக்கையில் நான் முதலில் தேடும் பக்கம் அதுதான்.

பள்ளித் தோட்டத்து மரங்களை லேண்ட்சாட்டில் எண்ண முயலாதீர்கள். அதன் ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு புள்ளி, 30 மீட்டருக்கு 30 மீட்டர், ஏறத்தாழ 22 சென்ட். சென்டினல்-2இன் நுண்ணிய பேண்டுகளில்கூட ஒரு பிக்சல் இரண்டரை சென்ட். ஏரி, காடு, நெல்வயல் என்று அந்த அளவுக்குத் தகுந்த கேள்வியாக எடுங்கள்.

மேல்நிலை மாணவர்களுக்கு ஒன்று, இதில் எங்கள் துறையினரே வழுக்குவதுண்டு. 2022 ஜனவரி 25 முதல் வரும் சென்டினல்-2 கோப்புகளில் ஒவ்வொரு எண்ணோடும் 1000 கூட்டப்பட்டிருக்கிறது. பசுமைக் குறியீடு என்பது அண்மை அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பது. 3000, 500 என்ற எண்களுக்கு 0.71 வரும். கூடுதல் ஆயிரத்தைக் கழிக்க மறந்தால் 4000, 1500 ஆகி 0.45க்கு இறங்கிவிடும். வயலில் ஒன்றும் ஆகவில்லை, அறிக்கையில் மட்டும் பயிர் வாடிவிடும். சில தளங்கள் இதைச் சரிசெய்தே தருகின்றன. எது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஆசிரியர்களே, பெற்றோர்களே, காசு கொடுத்து ஆயத்த அறிக்கை வாங்கித் தராதீர்கள். "இந்த நிறம் ஏன்?" என்று நான் கேட்கும்போது அந்தக் குழந்தை தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. தரவுக்குக் காசு வேண்டாம். கோபர்நிகஸ் தளத்தில் சென்டினல், அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் எர்த் எக்ஸ்ப்ளோரரில் லேண்ட்சாட், இஸ்ரோவின் புவன் தளத்தில் நம் ரிசோர்ஸ்சாட் படங்கள், கையாள க்யூஜிஐஎஸ் மென்பொருள், எல்லாவற்றுக்கும் இலவச வழி உண்டு. எந்தப் படத்தை எடுத்தாலும் செயற்கைக்கோளின் பெயர், நாள், எந்த பேண்டுக்கு எந்த நிறம் என்ற மூன்றையும் படத்துக்குக் கீழேயே எழுதுங்கள். கூகுள் எர்த் திரைப்பிடிப்பில் எண்கள் கிடையாது, ஊரைக் காட்ட மட்டும் பயன்படுத்துங்கள்.