யாருடைய பாட்டில் இது?

இரவு பத்தரை மணி இருக்கும். எங்கள் கேம்பஸின் வேதியியல் கட்டிடத்து வாட்ச்மேன், பாதுகாப்புப் பொறுப்பில் இருக்கும் எனக்குப் போன் செய்தார். "சார், மூணாவது மாடியில ஏதோ வெடிச்ச சத்தம். உள்ள ஆள் இல்ல. கதவு இடுக்குல பழுப்பா புகை வருது." கதவைத் திறக்காதீர்கள், கீழே வந்து படிக்கட்டில் யாரையும் ஏறவிடாமல் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். பழுப்புப் புகை என்றதுமே பாதி விஷயம் புரிந்துவிட்டது. நைட்ரிக் அமிலம் எதையோ தின்றுகொண்டிருக்கிறது.

புகை அடங்கிய பிறகு மறுநாள் காலை உள்ளே போனோம். கழிவு பாட்டில்கள் வைக்கும் தட்டில் ஒரு இரண்டரை லிட்டர் பாட்டில் இருந்த இடம் காலி. அதன் கண்ணாடிச் சில்லு ஒன்று எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த தனிம அட்டவணையில் குத்தி நின்றது. சரியாக மேசையில் உட்கார்ந்திருப்பவரின் கழுத்து உயரம். தரையில் கிடந்த லேபிள் துண்டில் ஒரே ஒரு வார்த்தை: 'வேஸ்ட்'.

விசாரித்தால் யார் மீதும் பெரிய தப்பு இல்லை. மதியம் ஒரு ஸ்காலர் கண்ணாடிச் சாமான்களை அசிட்டோன் விட்டு அலசி, அலசியதை அந்தப் பாட்டிலில் ஊற்றியிருக்கிறார். மாலையில் இன்னொருவர் நைட்ரிக் அமிலத்தில் கழுவியதை அதிலேயே ஊற்றி, மூடியை இறுக்கித் திருகிவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டார். இருவருமே சிங்க்கில் கொட்டாமல் ஒழுங்காகக் கழிவு பாட்டிலில் ஊற்றியவர்கள்! நைட்ரிக் அமிலமும் அசிட்டோன் போன்ற கரிமக் கரைப்பானும் சேர்ந்தால் சில சமயம் உடனே எதுவும் தெரியாது. மணிக்கணக்கில் சும்மா இருக்கும். அப்புறம் சூடேறி வாயு கிளம்பும். வாயு போக வழியில்லாவிட்டால் பாட்டில்தான் வழி விட வேண்டும்.

வாட்ச்மேனை அன்றிரவு வற்புறுத்தி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தோம். "எனக்கு ஒண்ணும் இல்ல சார், லேசா இருமல்தான்" என்றார். நைட்ரஜன் டை ஆக்சைடு அப்படித்தான் ஏமாற்றும். சுவாசித்தவர் நன்றாகவே இருப்பார். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். பழுப்புப் புகையைச் சுவாசித்தவரை, அவர் எவ்வளவு தெம்பாக இருந்தாலும், டாக்டர் கண்பார்வையில் ஓர் இரவாவது வைப்பது நல்லது.

நான் இந்த வேலைக்கு வருமுன் கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையில் பாதுகாப்புப் பிரிவில் இருந்தேன். "அங்க பார்த்த ஆபத்துக்கு முன்னால காலேஜெல்லாம் ஜுஜுபி" என்றுதான் நண்பர்கள் சொன்னார்கள். நானும் நம்பினேன். வந்த பிறகுதான் வித்தியாசம் உறைத்தது. ஆலையில் இருபது ரசாயனம் இருக்கும், டன் கணக்கில். ஒரே ஆள் ஒரே வால்வை இருபது வருடம் திருகுவார். இங்கே ஆயிரம் ரசாயனம், கிராம் கணக்கில். திருகும் ஆள் இரண்டு வருடத்தில், மிஞ்சிப்போனால் ஐந்தாறு வருடத்தில் போய்விடுவார். ஆள் போவார், பாட்டில் போகாது. கேம்பஸ் பாதுகாப்பில் என் தலைவலி முக்கால்வாசி இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகிறது.

இதற்கு நம் நாட்டிலேயே மறக்க முடியாத உதாரணம் இருக்கிறது. டெல்லி பல்கலைக்கழக வேதியியல் துறையில் கோபால்ட்-60 வைத்த காமா கதிர்வீச்சுக் கருவி ஒன்று இருந்தது. 1985க்குப் பிறகு யாரும் அதை இயக்கவில்லை. 25 வருடம் ஒரு அறையில் சும்மா கிடந்தது. 25 வருடத்தில் ஒரு துறையின் முகங்கள் அநேகமாக எல்லாமே மாறிவிடும். 2010 பிப்ரவரியில் பழைய சாமான்களோடு அதுவும் ஏலத்தில் போனது. டெல்லியின் மாயாபுரியில் காயலான் கடைக்காரர்கள் அதை உடைத்து, ஈயக் கவசத்தைப் பிரித்து எடுத்தார்கள். உள்ளே இருந்தது என்னவென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஏப்ரலில் ஒருவர் பின் ஒருவராக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஒரு தொழிலாளி இறந்தே போனார். கோபால்ட்-60இன் அரை ஆயுள், அதாவது வீரியம் பாதியாகக் குறைய ஆகும் காலம், 5 வருடத்துக்குச் சற்றுக் கூடுதல். கால் நூற்றாண்டு கழித்து அதன் வீரியம் முப்பதில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருந்திருக்கும். அந்த மிச்சமே ஆளைக் கொல்லப் போதுமானதாக இருந்தது.

அது பல்கலைக்கழகத்துக்குள் நடந்த விபத்து இல்லை, வாசலுக்கு வெளியே நடந்தது. நம் அலட்சியத்துக்கு விலை கொடுப்பவர் பல நேரம் நம் சம்பளப் பட்டியலிலேயே இருக்கமாட்டார்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். பாட்டில் வெடித்த மறுவாரம், துறை அட்டெண்டர் அண்ணனைத் துணைக்கு வைத்துக்கொண்டு அறை அறையாக இறங்கினோம். 28 வருட சர்வீஸ். எந்த அலமாரிச் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்பது வரை அவருக்கு அத்துப்படி. லேபிள்களைப் படித்தால் சிரிப்பும் வரும், வயிற்றைக் கலக்கவும் செய்யும். 'எஸ்-3'. 'நியூ'. 'நியூ நியூ'. 'தொடாதே' என்று சிவப்பு மையில் ஒன்று. தொடாதே என்று எழுதியவர் எங்கே என்று கேட்டேன். "அந்தப் பொண்ணு கல்யாணமாகி சிங்கப்பூர் போயிடுச்சு சார். ரெண்டு பசங்க" என்றார் அண்ணன்.

பின்பக்க ஸ்டோர் ரூமின் கீழ்த்தட்டில், செய்தித்தாளில் சுற்றி ஒரு சின்னப் பாட்டில். அண்ணன் எடுக்கக் கையை நீட்டினார். டார்ச் அடித்துப் பார்த்தவன் அப்படியே அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிக்ரிக் அமிலம். இதை எப்போதும் தண்ணீரில் நனைந்த நிலையில்தான் வைத்திருக்க வேண்டும். ஈரம் காய்ந்துவிட்டால் அதன் பெயர் வெடிமருந்து. இந்தப் பாட்டிலில் மஞ்சள் தூள் பொடிப்பொடியாக, சொட்டு ஈரமில்லாமல் இருந்தது. மூடியின் மரையில் படிகம் கட்டியிருந்தால் திறக்க முயலும் உரசலே போதும். அறையைப் பூட்டி, அந்தத் தளத்தையே காலி செய்து, வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவை வரவழைத்தோம். அவர்கள் கொண்டுபோகும்வரை நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அந்த அறையில்தான் இத்தனை வருடம் அண்ணன் தினமும் மதியச் சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டு வந்திருக்கிறார்.

உங்கள் துறையில் இப்படி ஒன்று கிடைத்தால் நகர்த்தாதீர்கள், குலுக்காதீர்கள், 'தண்ணி ஊத்திடலாமா' என்று மூடியைத் தொடாதீர்கள். ஈதர், டி.எச்.எஃப் (டெட்ராஹைட்ரோஃபியூரான்) என்ற கரைப்பான்களும் இதே குடும்பத்துக் கதைதான். திறந்து காற்றுப் பட்டதும் மெல்ல மெல்ல, வெடிக்கக்கூடிய பெராக்சைடு சேரும். அதனால் வாங்கிய தேதியைவிடத் திறந்த தேதிதான் முக்கியம். மார்க்கர் பேனாவால் பாட்டிலிலேயே எழுதுங்கள். ஐந்து நொடி வேலை.

ஃப்யூம் ஹூட் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. நச்சுப் புகையை உறிஞ்சி வெளியே தள்ள லட்சக்கணக்கில் செலவழித்து வாங்கியது, பல துறைகளில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியாகத்தான் இருக்கிறது. பின்பக்க இடுக்கு முழுக்கப் பாட்டில் அடைத்துவிட்டால் காற்று எங்கே போகும்? ஒரு டிஷ்யூ பேப்பர் கீற்றைக் கதவின் கீழ் விளிம்பில் ஒட்டிப் பாருங்கள். உள்நோக்கிச் சாய்ந்து நின்றால் ஓரளவு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். முறையான அளவீடு என்றால் நொடிக்கு அரை மீட்டரை ஒட்டிக் காற்று உள்ளே போக வேண்டும். எங்களிடம் ஒன்றில் டிஷ்யூ வெளிப்பக்கம் ஆடியது. மொட்டை மாடியில் மோட்டார் வயரை மாற்றிக் கொடுத்திருந்தார்கள். விசிறி தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எத்தனை மாதமாக என்று யாருக்கும் தெரியவில்லை.

லேப் கோட் விஷயத்தில் மாணவர்களோடு எனக்கு நித்தியச் சண்டை. "வேர்க்குது சார்" என்பார்கள். ஏப்ரல் மாதத்தில் ஏசி இல்லாத லேபில் நின்றால் எனக்கும்தான் வேர்க்கிறது. அமெரிக்காவில் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் 2008 டிசம்பர் 29 அன்று, 23 வயது ஆய்வு உதவியாளர் ஒருவர் சிரிஞ்சில் டெர்ட்-பியூட்டைல் லித்தியம் எடுத்துக்கொண்டிருந்தார். காற்றுப் பட்டாலே பற்றும் திரவம். சிரிஞ்சின் தண்டு கழன்று வந்துவிட்டது. அவர் லேப் கோட் போடவில்லை. போட்டிருந்த செயற்கை இழை ஸ்வெட்டர் பற்றிக்கொண்டது. 18 நாள் கழித்து இறந்துபோனார். எனக்கு உறுத்துவது வேறொன்று. இரண்டு மாதம் முன்பு நடந்த பாதுகாப்பு ஆய்வில், அந்த லேபில் கோட் அணிவதில்லை என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். எழுதியது தாளிலேயே இருந்துவிட்டது. என் மேசையிலும் அப்படிப்பட்ட தாள்கள் உண்டு என்பதால் இந்தச் சம்பவத்தை என்னால் லேசாகச் சொல்ல முடிவதில்லை.

இங்கே இன்னொரு சிக்கல், கடையில் மலிவாக வாங்கும் வெள்ளைக் கோட்டில் பெரும்பாலும் பாலியெஸ்டர் கலப்பு. தீயில் உருகித் தோலோடு ஒட்டும். காட்டன் கேட்டு வாங்குங்கள். துப்பட்டாவைக் கோட்டுக்குள் செருகிக்கொள்ளச் சொல்வதற்கு எனக்கு முதலில் தயக்கம் இருந்தது. பெண் பேராசிரியர் ஒருவரைச் சொல்லச் சொன்னேன். சிக்கல் முடிந்தது.

திரவ நைட்ரஜன் குடுவையோடு லிஃப்டில் ஏறுபவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஒரு லிட்டர் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயு. லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே மூச்சுக்குக் காற்று இருக்காது. குடுவையைத் தனியாக லிஃப்டில் அனுப்புங்கள். நடுவில் யாரும் ஏறாமலிருக்க உள்ளே ஓர் அட்டை. நீங்கள் படியேறிப் போங்கள், உடம்புக்கும் நல்லது.

பாதுகாப்பு என்றாலே எல்லோரும் லேபைத்தான் நினைக்கிறார்கள். எனக்குத் தூக்கம் கெடுப்பது ஹாஸ்டலுக்குப் பின்னால் இருக்கும் கழிவுநீர்த் தொட்டி. அடைத்துக்கொண்டால் வார்டன் ஒப்பந்தக்காரரைக் கூப்பிடுவார், ஒப்பந்தக்காரர் இரண்டு பேரை அனுப்புவார், ஒருவர் கயிறுகூட இல்லாமல் உள்ளே இறங்கப் பார்ப்பார். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். கொஞ்சமாக இருக்கும்போதுதான் அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. 'நாத்தம் குறைஞ்சிடுச்சு, இறங்கலாம்' என்று நினைப்பவர்தான் மாட்டிக்கொள்வார். அவரைத் தூக்க அடுத்தவர் குதிப்பார். செய்தித்தாளில் இரண்டு பேர், மூன்று பேர் என்று சேர்ந்து வருவதற்குக் காரணம் இதுதான். இப்போது எங்கள் கேம்பஸில் தொட்டி மூடியைத் திறக்கவே பாதுகாப்புப் பிரிவின் அனுமதிச் சீட்டு வேண்டும். உறிஞ்சும் லாரி வராமல் சீட்டு இல்லை. முதல் மாதம் வார்டன்கள் என்னைத் திட்டாத திட்டில்லை.

அந்த வாரமெல்லாம் பொறுக்கிச் சேர்த்ததை என்ன செய்வது? காயலான் கடைக்கும் போகக்கூடாது, சிங்க்கிலும் போகக்கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி உள்ள அபாயக் கழிவு நிலையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அவர்கள் முதலில் கேட்பதே, 'உள்ளே என்ன இருக்கு?' பெயர் தெரிந்த கழிவை எடுத்துக்கொள்வார்கள். பெயர் தெரியாததைச் சோதித்துப் பார்க்கத் தனிச் செலவு. சில பாட்டில்களுக்கு, உள்ளே இருந்த சரக்கின் விலையைவிட அது என்னவென்று கண்டுபிடிக்க ஆன செலவு அதிகம். இந்தக் கணக்கைக் காட்டியபோதுதான் நிர்வாகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அதுவரை நான் சொன்ன உயிர்ப் பேச்சையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

அப்போது பிடித்த வழிதான் 'நோ டியூஸ்' படிவம். படிப்பை முடிப்பவர் நூலகம், ஹாஸ்டல், மெஸ், விளையாட்டுத் துறை என்று எல்லா இடத்திலும் கையெழுத்து வாங்குவார். திருப்பித் தராத ஒரு புத்தகத்துக்காகச் சான்றிதழை நிறுத்தி வைக்கிற நாம், பெயரில்லாத இருபது பாட்டிலை விட்டுவிட்டுப் போகிறவரை மாலை போட்டு வழியனுப்புகிறோம். படிவத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: 'ஆய்வகப் பொருட்கள் ஒப்படைப்பு'. தட்டு, ஃப்ரிட்ஜ், ஃப்யூம் ஹூட் மூன்றிலும் அவர் பெயரில் இருப்பதைக் காட்டி, அடுத்தவரிடம் ஒப்படைத்தால்தான் கையெழுத்து. கையெழுத்துப் போடுவது கைடு மட்டுமல்ல, அட்டெண்டர் அண்ணனும்தான். இதற்கு ஒரு பேராசிரியர் முகம் சுளித்தார். பரவாயில்லை. அண்ணன் இப்போது பாக்கெட்டில் தனிப் பேனா வைத்திருக்கிறார்.

பழைய பாட்டில்களுக்கு அந்தப் படிவம் உதவாது. அவற்றுக்குப் பழைய மாணவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துக் கேட்டோம். போன மாதம் 'எஸ்-3'க்காகக் கொரியாவில் இருக்கும் ஒருவருக்குப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் பெயர் எஸ்ஸில் தொடங்கும், அந்த மேசையும் அவருடையது. நள்ளிரவில் பதில் வந்தது.

"சார், இது என்னோடது இல்ல. நான் சேரும்போதே அங்கதான் இருந்துச்சு. எனக்கு முன்னாடி இருந்த அண்ணன் நம்பர் தரட்டுமா?"