மதுக்கடை டோக்கன்: வெள்ளிக்காசாக மாற்றும் உரிமையும் 1672 தடையும்

17ஆம் நூற்றாண்டு லண்டனில் மதுக்கடைக்காரர்கள் சில்லறைக்குப் பதிலாக அடித்துக் கொடுத்த செம்பு, பித்தளை டோக்கன்களுக்கு எந்தச் சட்டமும் அனுமதி தரவில்லை. சில்லறைத் தட்டுப்பாடுதான் அவற்றைக் கொண்டுவந்தது. ஒரு பென்னிக்கு நான்கு ஃபார்திங். வெள்ளிப் பென்னியே அரை கிராம்தான் என்னும்போது, அதில் கால்பங்கை வெள்ளியில் அடித்தால் கையில் நிற்காது.

1613இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர், செம்பு ஃபார்திங் வெளியிடும் உரிமத்தை ஹாரிங்டன் பிரபுவுக்குக் கொடுத்தார். 20 ஷில்லிங் வெள்ளிக்கு 21 ஷில்லிங் மதிப்புள்ள ஃபார்திங் கிடைக்கும். எடை குறைந்த காசு என்பதால் கள்ளக்காசு பெருகியது. 1644இல் நாடாளுமன்றம் இந்த ஏற்பாட்டை நிறுத்தியது. 1649இல் மன்னராட்சியும் போனபின், தடுக்க ஆளில்லாமல் கடைக்குக் கடை டோக்கன் வந்தது.

கையில் ஒன்று கிடைத்தால் முதலில் ஓரத்து எழுத்தைப் படிக்க வேண்டும்: ஒரு பக்கம் கடைக்காரர் பெயர், மறுபக்கம் தெரு அல்லது ஊர். நடுவில் கடையின் பெயர்ப்பலகைச் சின்னம் இருக்கும். மறுபக்க நடுவில் பெரும்பாலும் மூன்று எழுத்துகள். மேலே பி, கீழே ஐ, எம் என்றிருந்தால் பி குடும்பப்பெயர், ஐ கணவர், எம் மனைவி. ஜான் என்ற பெயரையும் அன்று ஐ போட்டுத்தான் தொடங்குவார்கள். மனைவியின் எழுத்தும் இருப்பதால், கடையை நடத்திய பெண்களைத் தேடுபவர்களுக்கு இது அருமையான சான்று.

24 ஃபார்திங் டோக்கன் சேர்ந்தால் ஆறு பென்னி. அதைப் பெயருக்குரிய கடைக்காரரிடம் கொடுத்து வெள்ளி வாங்கலாம். பல கடைகளின் டோக்கன் வாங்கும் வியாபாரிகள் அறை அறையாகப் பிரித்த பெட்டியில் தனித்தனியே போட்டுவைப்பார்கள். ஏமாற்றம் வருவதும் இங்கேதான். ஒரு கிராம் அளவே உள்ள செம்புக்குச் சொந்த மதிப்பு சொற்பம். கடைக்காரரின் நேர்மைதான் பிணை. அவர் இறந்தாலோ, கடையை விட்டுப் போனாலோ கேட்க இடமில்லை. 1666இல் லண்டனை அழித்த பெருந்தீயில் 13,000க்கு மேற்பட்ட வீடுகள் எரிந்தபோது, டோக்கனில் இருந்த முகவரிகள் பலவும் அழிந்தன. சில தெருக்கள் தள்ளிப் போனாலே வாங்க மறுப்பார்கள்.

1672 ஆகஸ்ட் 16 அன்று இரண்டாம் சார்லஸ் மன்னரின் அரசாணை தனியார் டோக்கனைத் தடை செய்து, பிரிட்டானியா (பிரிட்டனைக் குறிக்கும் பெண்) உருவம் பொறித்த செம்பு அரைப்பென்னியையும் ஃபார்திங்கையும் செல்லுபடியாக்கியது. புது ஃபார்திங் 5 கிராமுக்கு மேல். செம்பின் விலையே காசின் மதிப்பை ஒட்டி நிற்க வேண்டும் என்பதே நோக்கம். ஆறு பென்னிக்குக் குறைவான கொடுக்கல் வாங்கலுக்கு மட்டுமே இவை செல்லும். அதற்கு மேல் வெள்ளியோ தங்கமோதான்.