கிரீன் டீ இருக்க மாத்திரை எதற்கு?

சில மாதங்களுக்கு முன் ஒருவர் என் மேசைமேல் ஒரு டப்பாவை வைத்தார். கிரீன் டீ சாறு அடைத்த மாத்திரைகள். "இதை ஆரம்பிச்சதும் மெட்ஃபார்மினை விட்டுட்டேன் டாக்டர்" என்றார். மெட்ஃபார்மின் அவர் சர்க்கரை நோய்க்குப் போட்டுவந்த மாத்திரை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 210. கடிந்துகொள்ள மனம் வரவில்லை. கிரீன் டீ சர்க்கரையைக் குறைக்கும் என்று அவர் படித்துவிட்டு வந்ததில் பாதி உண்மைதான்.

தேயிலையில் கேட்டச்சின் என்ற பாலிஃபீனால்கள், அதாவது ஒருவகைத் தாவர வேதிப்பொருள்கள், உண்டு. கிரீன் டீயில் இவற்றுள் அதிகம் இருப்பது ஈஜிசிஜி. இலையைக் கசக்கிக் காற்றாட விட்டால் இவையே தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்று மாறுகின்றன; சாதாரண டீயின் செம்பழுப்பு நிறம் அப்படி வந்ததுதான். மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் அமைலேஸ், குளுக்கோசிடேஸ் நொதிகளை இவை மட்டுப்படுத்துகின்றன. சர்க்கரை நோய்க்குத் தரும் அகார்போஸ் மாத்திரை வேலை செய்வதும் இதே வழியில்தான்.

ஆனால் சோதனைக்குழாய் வேறு, உடம்பு வேறு. குடித்த கேட்டச்சினில் சிறு பங்குதான் ரத்தத்துக்குப் போய்ச் சேர்கிறது. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக டெசிலிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான் குறைகிறது. 210-ல் நிற்பவருக்கு அது எந்த மூலைக்கு?

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு மாத்திரையில் 400 மி.கி. ஈஜிசிஜி, தினமும் இரண்டு போட்டிருக்கிறார். நாளுக்கு 800 மி.கி. அல்லது அதற்கு மேல் மாத்திரையாக எடுத்தால் கல்லீரல் நொதிகள் உயரக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-லேயே சொல்லிவிட்டது. உடனே கல்லீரல் பரிசோதனை எடுத்தோம். நல்லவேளை, பாதிப்பு இல்லை. கோப்பையில் குடிப்பதும் சாறாக்கி விழுங்குவதும் ஒன்றல்ல என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. மெட்ஃபார்மினை மறுபடி தொடங்கினோம்.

சரி, டீயே வேண்டாமா? தாராளமாகக் குடிக்கலாம், சர்க்கரை போடாமல். கோப்பைக்கு இரண்டு ஸ்பூன் என்றால் நாலு கோப்பையில் 30 கிராமுக்கு மேல் சேர்ந்துவிடும். கேட்டச்சின் தரும் துளி நன்மை அதில் கரைந்துபோகும்.

அப்புறம், சாப்பாட்டோடு சேர்த்து டீ வேண்டாம், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இதே பாலிஃபீனால்கள் உணவிலுள்ள இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ரத்தசோகை இருப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைந்தால், மூன்று மாதச் சராசரி சர்க்கரையைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனை உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். சர்க்கரை கட்டுக்குள் இருந்தும் மருந்தின் அளவை ஏற்றிவிடும் அபாயம் அதில் இருக்கிறது.